கருவாட்டு வண்டியில் என் குரல்

என் குரல் எனக்குத் தெரியாதாக்கும்? நல்லாக் கேட்டீக வக்கீலம்மா கேள்வி. அறுபத்தெட்டு வருசமா இந்தத் தொண்டையத் தூக்கிட்டு அலையுதவ நான். "ஆச்சி, அது உங்க குரல் மாதிரி இருக்கலாம், உங்க குரலாத்தான் இருக்கணும்னு இல்லையே"ன்னு சொன்னீக பாருங்க, அதே வார்த்தையத்தான் அந்தக் கம்பெனிக்காரனும் கடுதாசியில எழுதிருக்கான். நீங்க எனக்கு வக்கீலா, அவனுக்கு வக்கீலா?

சும்மா சொன்னேன், கோவிச்சுக்காதீக. மதுரையிலருந்து பஸ் ஏறி எனக்காக கோவில்பட்டி வரைக்கும் வந்திருக்கீக. மோரக் குடிங்க. இஞ்சி கூடிப் போச்சோ? எம் மருமக சந்தனமாரிக்கு இஞ்சின்னா கை நிக்காது. போன தீவாளிக்கு முறுக்குல போட்டா. முறுக்குல எவளாவது இஞ்சி போடுவாளா? கேட்டா யூடியூப்ல சொன்னாகன்னா.

சரி, குரலுக்கு வாறேன்.

இப்ப நான் பேசுதது தகரத்துல ஆணியத் தேச்ச மாதிரி இருக்குன்னு பாக்கீக. இது என் குரல் இல்ல. ஏழு வருசத்துக்கு முன்னால கழுத்துல கட்டின்னு ஆப்ரேசன் பண்ணுனாக. டாக்டரு முன்கூட்டியே சொன்னாரு, "கட்டிய எடுத்துருவோம்மா, ஆனா குரலு கொஞ்சம் மாறலாம்"னு. நான் "உசுருதான முக்கியம்"னு கையெழுத்துப் போட்டேன். கண்ண முழிச்சு "தண்ணி"ன்னு கேக்கேன், பக்கத்துக் கட்டில்ல எவனோ ஆம்பள தண்ணி கேக்கான்னு நெனச்சுத் திரும்பிப் பாக்கேன். நாந்தான்.

அதுக்கு முந்தி இருந்த குரல நீங்க கேட்டதில்ல. கேட்டிருந்தா இந்தக் கேள்வி வராது. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல எங்க கடை. புஷ்பம் மியூசிக்கல்ஸ். என் பேரு தங்கபுஷ்பம். எங்க வீட்டுக்காரரு போர்டுல புஷ்பத்த மட்டும் எழுதுனாரு. தங்கத்த ஏன் விட்டீகன்னு கேட்டா, போர்டுல இடமில்லன்னாரு. பக்கத்துல அவரு பேரு ராஜமணின்னு நெடுக எழுத மட்டும் இடம் இருந்துச்சு. அப்பேர்ப்பட்ட மனுசன்.

என்ன தொழில்னா, ஜனங்க துண்டுச் சீட்டுல பாட்டு எழுதிட்டு வருவாக. காலிக் கேசட்டு குடுப்பாக. நாங்க பதிஞ்சு குடுப்போம். அறுபது நிமிசக் கேசட்டுன்னா சைடுக்கு ஆறு பாட்டு, தொண்ணூறுன்னா ஒம்பது பத்து. சோகம் கேட்டா சோகம், சாமி கேட்டா சாமி. ஒருத்தன் வந்தான், முதச் சைடு பூரா காதல் பாட்டு, அடுத்த சைடு பூரா காதல் தோல்விப் பாட்டு கேட்டான். "ஏன்யா, ரெண்டும் ஒரே கேசட்டுலயா?"ங்கேன். "முதச் சைடு அவளுக்கு, ரெண்டாவது எனக்கு"ங்கான். அவன் இப்ப ரேசன் கடையில இருக்கான், நாலு புள்ள.

என்ன? யாருட்ட அனுமதி வாங்குனீகன்னா கேக்கீக? யாருட்ட வாங்கணும்? அந்தப் பாட்டு ரேடியோவுல ஊருக்கே கேக்கு. டீக்கடையில கேக்கு, காதுகுத்துல கேக்கு. எல்லாருக்கும் கேக்குத பாட்ட ஒருத்தருக்குன்னு பிடிச்சுக் குடுத்தோம். அதுல என்ன அனுமதி?

ஆனா ஒருத்தன் இருந்தான் வக்கீலம்மா, திருட்டுப்பய, லாரன்ஸுன்னு. ரயில்வே கேட்டுகிட்ட கடை. அவன் என்ன செய்வான், எங்க கடையில ஆள விட்டு ஒரு கேசட்டு வாங்குவான், அதுலருந்து நூறு கேசட்டு அடிப்பான். கூச்சமே கெடையாது! நாங்க சாப்பாடு தண்ணியில்லாம உக்காந்து, எந்தப் பாட்டுக்கு அடுத்து எந்தப் பாட்டு வந்தா மனசு நிக்கும்னு பாத்துப் பாத்து அடுக்கி வச்சிருக்கோம். இவன் நோகாம நொங்கு திம்பான். அடுத்தவன் உழைப்ப இப்படி எடுக்கலாமான்னு எனக்கு வயிறு எரியும்.

அதுக்குத்தான் எங்க வீட்டுக்காரரு என் குரலப் போட்டாரு. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல, "புஷ்பம் மியூசிக்கல்ஸ்... பஸ் ஸ்டாண்டு எதிரில்... கோவில்பட்டி." அப்ப எனக்கு முப்பது வயசுகூட ஆகல. குரலுன்னா குரலு, வெங்கலக் கிண்ணத்துல கரண்டி பட்ட மாதிரி. லாரன்ஸ் என்ன பண்ணுனான், அந்த இடத்த மட்டும் வெட்டிட்டுப் பதிஞ்சான். சரிடா மகனேன்னு நாங்க பாட்டுக்கு உள்ளயே போட்டோம். சரணத்துல, பாட்டு நல்லா உருகி நிக்குத இடம் வரும் பாருங்க, அங்க. இவரு கையத் தூக்குவாரு, நான் மைக்க எடுப்பேன். கையக் கீழ விடுவாரு, நான் சொல்லுவேன். இப்ப வெட்டுடா பாப்போம்!

சொன்ன ஒடனே ஒரு இருமலு வரும் எனக்கு. க்கும். பக்கத்துக் கடை மொளகா வத்தல் மண்டி. வாயத் தொறந்தா நெடி ஏறும். கதவச் சாத்திட்டுப் பேசுனாலும் வரும். "திரும்பப் பதிவோமா"ன்னு கேட்டதுக்கு, "விடு புள்ள, இந்த இருமல எவனாலயும் காப்பியடிக்க முடியாது"ன்னாரு.

லாரன்ஸ் அதையும் சேத்தே அடிச்சான். அவன் கடையில ஸ்பீக்கரு பாடுது, நடுவுல என் கடைப் பேரச் சொல்லுது, க்கும்னு இருமுது! எனக்கு வந்துச்சே கோவம். நேரா போலீஸ் ஸ்டேசன்.

"எங்க பாட்டத் திருடிட்டான் சார்"னேன்.

"எந்தப் பாட்டும்மா? நீ எழுதுனதா?"

"இல்லங்க."

"பாடுனதா?"

"இல்லங்க."

"பின்ன மெட்டுப் போட்டதா?"

"இல்லங்க சார், நாங்க கேசட்டுல போட்டது."

அந்த இன்ஸ்பெக்டரு சிரிச்சாரு பாருங்க, தொப்பியக் கழத்தி மேசையில வச்சுட்டுச் சிரிச்சாரு. என்ன சிரிப்போ! பொம்பள ஒருத்தி நாயங் கேட்டு வந்தா இவுகளுக்கு எளக்காரம். பேரு, வெலாசம், கடை எங்க இருக்கு, எத்தன கேசட்டு இருக்கு, எல்லாத்தையும் நல்லா வெவரமா எழுதி மட்டும் வாங்கிக்கிட்டாரு.

மூணாவது மாசம் எங்க கடைக்கே ரெய்டு வருது! மெட்ராஸ் கேசட்டு கம்பெனி ஆளு ஒருத்தன், ரெண்டு போலீசு. எங்க கடை வெலாசம் இவுகளுக்கு எப்படித்தான் தெரிஞ்சதோ. லாரன்ஸ் வேலைதான், இன்னைக்கும் சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணுவேன்.

அன்னைக்கு எங்களக் காப்பாத்துனது பின்னால இருந்த தீப்பெட்டி ஆபீசு. நம்ம ஊருல தெருவுக்குத் தெரு தீப்பெட்டி ஆபீசுல்லா. அங்க லேபில் ஒட்டுத பொம்பளைக வரிசையா நின்னு, கை மாத்திக் கை மாத்தி, கேசட்ட எல்லாம் தீப்பெட்டிப் பண்டலுக்குள்ள வச்சுக் கட்டிட்டாளுக. கேசட்டும் தீப்பெட்டிப் பண்டலும் என்னமாப் பொருந்துச்சுங்கீக! போலீசு தேடுது, தேடுது, ரெண்டு பக்திப் பாட்டுதான் சிக்குச்சு. ஆனா மறுநா என்ன ஆச்சுன்னா, எடுக்குததுக்குள்ள மூணு பண்டலு லாரியில ஏறி நாக்பூருக்குப் போயிருச்சு. பீடி பத்த வைக்கப் பெட்டியத் தொறந்த மகராசன் என்ன நெனச்சானோ.

சிரிக்கீக. சிரிங்க சிரிங்க. ஆனா ஒண்ணு கவனிச்சுக்கோங்க. கேசட்டுக்குக் கேசுன்னு அவுக வந்தப்ப நாங்க சிடிக்குப் போயிட்டோம். சிடியப் பிடிக்க வந்தப்ப மெமரி கார்டுல ஏத்திக்கிட்டு இருந்தோம். சட்டம் மூச்சு வாங்கி வந்து சேருதப்ப நாங்க அடுத்த சாமானுக்குத் தாவியிருப்போம். இப்பந்தான் மொதத் தடவையா சாமான் எனக்கு முன்னால ஓடிருச்சு, நானும் சட்டமும் சோடி போட்டுப் பின்னால ஓடுதோம்.

கதைய விட்டுட்டேனா? இல்ல, அங்கதான் வாறேன்.

போன பங்குனியில ஒரு நா. மதியம் வாழைப்பூ ஆஞ்சுக்கிட்டு இருக்கேன். தெருவுல சத்தம். "நெத்திலி... சாளை... வாளைக் கருவாடே... வீட்டு வாசல்ல வந்திருக்கோம்... வாங்கம்மா." அதுக்கப்புறம் ஒரு க்கும்.

கையில இருந்த பூவு அப்படியே கெடக்கு. வெளிய ஓடுனேன். முட்டி வலிக்காரி ஓடுனேன்! அந்தோணிமுத்துன்னு ஒரு கருவாட்டுக்காரரு, வேம்பாருலருந்து மொபெட்டுல வருவாரு. ஸ்பீக்கரக் கட்டிருக்காரு.

"ஏய்யா, இது யாரு குரலு?"

"பஜார் அக்கா, ஆச்சி."

"எந்தப் பஜார்ல இருக்கா?"

"போன்ல இருக்கா."

போன எடுத்துக் காட்டுதாரு. ஏதோ ஒரு ஆப்பாம். என்ன விக்கணுமோ அத டைப் அடிச்சா அதுவே கூவுமாம். குரலு நாமளே எடுத்துக்கலாமாம். கிராமத்து மாமா, சுட்டிப் பாப்பா, பஜார் அக்கான்னு பேரு போட்டு வரிசையா இருக்கு. "அக்காதான் ஆச்சி கடைசி வீட்டு அடுப்படி வரைக்கும் போறா, மாமா முக்குலயே நின்னுக்கிடுதாரு"ங்காரு.

"நான் சொல்லுதத அடிங்க"ன்னேன். "தங்கபுஷ்பம்னு அடிங்க."

அடிச்சாரு.

ஸ்பீக்கருல நான் என்னையக் கூப்புட்டேன் வக்கீலம்மா. "தங்கபுஷ்பம்." முப்பது வயசுக் குரலு. பின்னாலயே ஒரு க்கும். எங்க வீட்டுக்காரரு போயி பதினோரு வருசம் ஆச்சு. ஆப்ரேசனுக்கு அப்புறம் அந்தக் குரல நானே கேட்டதில்ல. நடுத்தெருவுல கருவாட்டு வாடைக்குள்ள நின்னுக்கிட்டு, என்ன சொல்ல, திருப்பி அடிங்க, திருப்பி அடிங்கன்னு நாலு தடவ கேட்டேன். அந்த மனுசன் பயந்து போயி கால் கிலோ நெத்திலிய சும்மா குடுத்துட்டுப் போயிட்டாரு.

எம் பேத்தி மகிழினிக்கு ஆறு வயசு. ஆப்ரேசனுக்கு அப்புறம் பொறந்தவ. அவ வாசல்ல நின்னு கேட்டுட்டு, "ஆச்சி, அந்த அக்கா மாதிரி உன்னால பேச முடியுமா?"ங்கா.

"அது நாந்தாம்ட்டி."

"பொய்யி! நீ தவக்களை மாதிரில்ல பேசுவ."

அன்னைக்கித்தான் நோட்டீசு விடணும்னு முடிவு கட்டுனேன். எல்லாரும் நெனைக்காக, கெழவிக்கு ஏதோ கெடைக்கும்னு ஆசைன்னு. எனக்கு ஒரு சல்லி வேண்டாம். எந்தக் கருவாட்ட வேணும்னாலும் விக்கட்டும். இது தங்கபுஷ்பத்தோட குரல்னு ஒரு தாள்ல எழுதி, சீல் அடிச்சுத் தரணும். அத எம் பேத்தி எழுத்துக் கூட்டி வாசிக்கணும். அம்புட்டுதான் கேசு.

அதுக்கு அந்த ஆப்புக் கம்பெனிக்காரன் என்ன பதில் போட்டிருக்கான்? அந்தக் கடுதாசிய நீங்களே வாசிச்சீக. "இக்குரல் எந்த மனிதருக்கும் சொந்தமானது அல்ல. பல ஆயிரம் ஒலிகளைக் கொண்டு கணினியால் உருவாக்கப்பட்டது." எந்த மனிதருக்குமா! அப்ப வத்தல் மண்டி நெடிக்கு இருமுனது யாரு, கணினியா?

எப்படி எடுத்தான்னு எம் மகன் பால்துரை தேடிக் கண்டுபிடிச்சான். யாரோ ஒரு கேசட்டுப் பைத்தியம், எங்க பழைய கேசட்டையெல்லாம் சேத்து வச்சு நெட்டுல ஏத்திருக்கான். கேக்க ஆளில்லன்னு நெனச்சு ஏத்துனானா? என்னைய ஒரு வார்த்த கேக்க வேண்டாம்? அதுலருந்து கம்பெனிக்காரன் உறிஞ்சிருக்கான். ஒருத்தன் எடுத்ததுலருந்து இன்னொருத்தன் எடுக்கான். இதெல்லாம் ஒரு பொழைப்பா?

அதவிடக் கொடுமை இன்னொண்ணு. நோட்டீசு போயி எட்டு நாள்ல இருமலு போயிருச்சு! அந்தோணிமுத்து வாறாரு, அக்கா கூவுதா, வாயத் தொறந்து காத்திருக்கேன், க்கும்மு இல்ல. "என்னய்யா ஆச்சு?" "அப்டேட்டு வந்துச்சு ஆச்சி, போனு அதுவா மாத்திக்கிடுச்சு." சாட்சிய வெட்டிட்டான் பாத்தீகளா? லாரன்ஸு எம்புட்டோ தேவலை. அவன் திருடுனாலும் இருமலோட திருடுனான்.

நீங்க சட்டம் சொன்னீக. எனக்குப் புரிஞ்ச மட்டுக்கும் சொல்லுதேன், சரியான்னு பாருங்க. பாட்டுக்குச் சொந்தக்காரன் இருக்கான். பதிஞ்ச பதிவுக்குச் சொந்தக்காரன் இருக்கான். வெறுங் குரலுக்குன்னு தனியா பட்டா போட்டு ஒரு சட்டமும் இன்னும் எழுதி வைக்கல. பெரிய பெரிய பாட்டுக்காரவுக கோர்ட்டுக்குப் போயி, என் குரல மிசினு பேசக் கூடாதுன்னு தடை வாங்கிருக்காக. ஆனா அவுக பேரு நாட்டுக்கே தெரியும், ஆச்சி பேரு யாருக்குத் தெரியும்னு எதிராளி கேப்பான். அதான?

யாருக்குத் தெரியுமா? எங்க தெருவுல ஒரு கல்யாணம். நாதசுரக்காரரு ஒரு சினிமாப் பாட்டு வாசிக்காரு. சரணம் பாதியில வாயிலருந்து நாதசுரத்த எடுத்துட்டு, தவில்காரரத் திரும்பிப் பாத்தாரு. தவில்காரரு, "புஷ்பம் மியூசிக்கல்ஸ், பஸ் ஸ்டாண்டு எதிரில்"ன்னாரு. பந்தலே சேந்து "க்கும்"னுச்சு. அதுக்கப்புறந்தான் மிச்சப் பாட்டு. இந்த ஊர்ல அம்பது வயசுக்கு மேல உள்ளவுகளுக்கு அந்தப் பாட்டு அப்படித்தான் தெரியும். வெளியூர்ல போயிக் கேட்டுட்டு, என்னமோ கொறையுதேங்காக! இதுக்கு மேல என்ன பிரபலம் வேணும்? எழுதிக்கோங்க, அந்தத் தவில்காரரு இன்னும் இருக்காரு, காதுதான் மந்தம்.

இந்த மூஞ்சி எதுக்குச் சுருங்குது உங்களுக்கு? மூலக் கேசட்ட நெனச்சா?

ஆமா, அத வச்சுத்தான் காட்டணும். என்னோட இன்னையக் குரலு தேறாது, ஆப்புக் குரல்ல இருமலு இல்ல. நெட்டுல உள்ளத நம்ப முடியாது, யாரு வேணும்னாலும் ஏத்தலாம், மாத்தலாம். அப்ப என்ன மிச்சம்? மூலக் கேசட்டு. எங்க வீட்டுக்காரரு ஒவ்வொண்ணுக்கும் முதப் பதிவத் தனியா எடுத்து, தேதி போட்டு, அவரு கையெழுத்தும் போட்டு வச்சிருக்காரு. எரநூத்திப் பன்னெண்டு. எல்லாத்துலயும் நான் இருக்கேன். அதக் கோர்ட்டுல குடுத்தா, குரல் ஆராயுதவுக வச்சுப் பாத்து ஒத்துமை சொல்லுவாகன்னு நீங்கதான் சொன்னீக.

இப்ப நீங்களே வேண்டாங்கீக.

என்ன சொன்னீக, இன்னொரு தடவ சொல்லுங்க. அந்தக் கேசட்டுல என் குரலுக்கு முன்னாலயும் பின்னாலயும் இருக்குதது அடுத்தவுக பாட்டு. பழைய கதை, இனி ஜெயிலுக்கெல்லாம் போடுத மாதிரி இல்ல. ஆனா எதிராளி வக்கீலு எந்திரிச்சு, "ஐயா, திருட்டுக் கேசட்டு அடிச்ச பொம்பள இன்னைக்கு என் குரலத் திருடிட்டான்னு வந்து நிக்கா"ன்னு சொல்லுவாரு. கை சுத்தமா இருக்கவுகதான் நாயங் கேட்டு வரணும்பாரு. அது ரெக்கார்டுல ஏறும். பேப்பருலயும் வந்தாலும் வரும். அதான?

இதையேதான் பால்துரையும் சொல்லுதான். பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டரா இருக்கான்ல, மானம் போயிரும்மா, கேச விட்டுருங்கான். ரெண்டு நாளா எங்கூடச் சரியாப் பேசல. நேத்து தட்டுல கையக் கழுவிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். ரசம் நல்லாத்தான் இருந்துச்சு.

நான் என்னத்தத் திருடுனேன் வக்கீலம்மா? நீங்களே சொல்லுங்க. நான் பாட்டப் பரப்புனேன். ரேடியோ இல்லாத காட்டுக்குள்ள எல்லாம் எங்க கேசட்டு பாடுச்சு. லாரன்ஸு பண்ணுனது திருட்டு. இந்தக் கம்பெனிக்காரன் பண்ணுதது பகல் கொள்ளை. நாங்க பண்ணுனது வேற.

வேறதான.

என்னத்த எழுதுதீக?

இல்ல, ஒண்ணு மட்டும் நேத்து ராத்திரி படுத்துக்கிட்டு நெனச்சேன். அந்தப் பாட்டு பாடுன அம்மா இருக்காகள்ல, யாரோ ஒருத்தவுக, பேரு வேண்டாம். என்னைக்காவது அவுக இந்தப் பக்கம் பஸ்ஸுல போறப்ப, டீக்கடையில அவுக பாட்டு ஓடிருக்கும். ஆசையாக் காதக் குடுத்துக் கேட்டிருப்பாக. சரணம் உருகி நிக்கும். டபக்குனு என் குரலு வந்து கடை வெலாசம் சொல்லிருக்கும், இருமிருக்கும். அவுகளுக்கு எப்படி இருந்திருக்கும்?

சந்தோசந்தான் பட்டிருப்பாக. ஆமா. ஊருல உள்ள பொம்பள ஒருத்தி நம்ம கூடச் சேந்துருக்காளேன்னு.

பட்டிருக்க மாட்டாகளோ?

சரி, விடுங்க. பேனாவ எடுங்க. இல்ல, முடிவு பண்ணிட்டேன், நீங்க எழுதுங்க. எதிராளி வக்கீலு திருடிங்காரா, சொல்லட்டும். நான் மறுத்துப் பேச மாட்டேன். ஆனா எந்தத் திருடின்னு சொல்லணும்ல? பேரு சொல்லித்தான ஆகணும்? தங்கபுஷ்பம்னு சொல்லணும். அவ எதுல பேசுனா? இந்தக் கேசட்டுல பேசுனா. அப்ப இதுல உள்ள குரலு யாரு குரலு? அவரு வாயாலயே சொல்லிட்டுப் போகட்டும்! என்னையத் திருடின்னு சொல்லுத மூச்சுலயே, அந்தக் குரல் மனுசக் குரல்னு ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும். திருடின்னு பேரு வந்தாலும் வரட்டும், யாருமே இல்லன்னு அவன் எழுதிருக்கான்ல, அதுக்கு இது தேவலை.

பாத்தீகளா, மொதத் தடவையா நீங்க சிரிச்சுட்டீக. அப்படியே அபிடவிட்டுல எழுதுங்க. நான் சொன்னத மாத்தாம எழுதுங்க. நாக்பூரு மட்டும் வேண்டாம். இல்ல, அதையும் எழுதுங்க, கெடக்கட்டும்.

பால்துரை வாசல்ல செருப்பக் கழத்துத சத்தம் கேக்கு. இன்னைக்கு அரை நாளாட்டு இருக்கு. வரட்டும், வந்து முன்னால உக்காந்து கேக்கட்டும்.

ஏ சந்தனமாரி! ஏட்டி, காது கேக்கா? அடுப்ப அணச்சுட்டு வா. பரண்லருந்து எறக்கி வச்சமே, அந்தக் கேசட்டு உள்ள தகரப் பெட்டி, அத உள்ள கொண்டா. ஒத்தையில தூக்காத, கனக்கும். வாசல்ல நிக்கான்ல உன் புருசன், அவன ஒரு கை பிடிக்கச் சொல்லு.